வால்வா, டிரான்சிஸ்டரா? கிடார் கலைஞர்களின் தீராத வழக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் திருப்பதியில் தாதய்யகுண்டா கங்கையம்மன் ஜாத்திரை. சித்தூரிலும் அம்மன் ஜாத்திரை. வெயில் தணிந்து ஆவணி வந்தால் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு உற்சவம். பிறகு நவராத்திரி, இடையிடையே கல்யாண வரவேற்புகள். இந்த வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்கு இவையே அறுவடைக் காலம். தமிழ்ப் பாட்டு ஒன்று, தெலுங்குப் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பாடினால்தான் இங்கே கைதட்டல் கிடைக்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் கச்சேரிக்காரர்கள் இன்னும் இரண்டையும் ஒரே ஊராகத்தான் நினைத்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

மேடையில் பாடகர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓர் ஓரத்தில் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவரைச் சிலர் பார்க்கிறார்கள். அவருக்குப் பின்னால் தரையில் கிடக்கும் கறுப்புப் பெட்டியை யாருமே பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பெட்டிதான் அவருடைய பாதி வாத்தியம். எலெக்ட்ரிக் கிடாரைச் சும்மா மீட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அதன் குரல் கம்பியில் பாதி, ஆம்ப்ளிபயரில் பாதி.

அந்தப் பெட்டி பழைய வால்வு வகையாக இருக்க வேண்டுமா, புதிய வகையாக இருக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. உலகம் முழுவதும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இதைக் காது மட்டுமே வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் காதோடு மின்சாரம், மழை, மினி வேன், மெக்கானிக் ஆகிய நால்வரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியாக வேண்டும்.

பாலு வளர்ந்த மண்

இந்த மண்ணுக்கும் மெல்லிசை மேடைக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பள்ளியில் படித்தது ஸ்ரீகாளஹஸ்தியில், பி.யூ.சி. படித்தது திருப்பதி கலைக் கல்லூரியில். சினிமாவில் பெரிய பெயர் வாங்குவதற்கு முன்பு அவர் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அதில் கிடார் வாசித்தவர் இளையராஜா. கங்கை அமரனும் கிடார், பாஸ்கர் தாள வாத்தியம். இளையராஜா 'அன்னக்கிளி'க்கு இசையமைத்த 1976-க்கு முந்திய கதை இது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு ஆம்ப்ளிபயரை இறக்குமதி செய்ய லைசென்ஸ், சுங்கம் என்று ஆயிரம் தடைகள். மாகாணத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் அசல் கிடார் ஆம்ப்ளிபயர்கள் இருந்திருக்கும். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மைக் செட் ஆம்ப்ளிபயரிலேயே கிடாரையும் மாட்டினார்கள். வீட்டில் பயிற்சி செய்யப் பழைய வால்வு ரேடியோ உதவியது. அந்த ரேடியோக்களின் முதுகில் கிராமபோன் பிக்-அப் மாட்டுவதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும்; அதில் கிடார் வயரைச் செருகினால் கிடார் பாடும். தெரியாமலே அவர்கள் செய்தது வால்வு ஆம்ப்ளிபயர் வாசிப்புதான். அந்த ரேடியோத் தந்திரத்தில் ஓர் எமனும் ஒளிந்திருந்தான்; அவனைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

மதகும் தண்ணீரும்

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு சிறு கம்பி சிவந்து சூடாகிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. இடையில் ஒரு கம்பி வலை. ஏரி மதகின் பலகையைக் கொஞ்சம் அசைத்தால் ஆயிரம் ஏக்கருக்குப் போகும் தண்ணீர் கூடிக் குறைகிறது அல்லவா? அதுபோலக் கிடாரிலிருந்து வரும் அற்ப மின்சாரம் அந்த வலையை ஆட்டுகிறது. பெரிய மின்சாரம் அதற்கேற்ப ஆடி ஸ்பீக்கரை அசைக்கிறது. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. சூடும் கண்ணாடியும் இல்லாமல், கடலையளவு இடத்தில் செய்கிறது.

அப்படியானால் பழைய குப்பிக்கு ஏன் இத்தனை மரியாதை? அளவுக்கு மீறிக் கேட்கும்போதுதான் இரண்டின் குணமும் வெளிப்படுகிறது. தாங்கும் எல்லையைத் தாண்டி ஒலியைத் திருப்பினால் டிரான்சிஸ்டர் அலையின் தலையைக் கத்தரியால் வெட்டியதுபோல் வெட்டிவிடும். காதில் கரகரவென்று குத்தும். வால்வு அப்படி வெட்டாது. தலையை மெல்ல வளைத்துக் குனிய வைக்கும். அந்த வளைவில் புதிய மேல்ஸ்வரங்கள் பிறந்து ஒலி தடிக்கிறது, நீண்டு ஒலிக்கிறது. கம்பியைப் பலமாக அடித்தால் கரகரப்பு, மெதுவாக வருடினால் தெளிவு என்று வாசிப்பவன் விரலுக்குப் பெட்டி பதில் சொல்கிறது. நியாயமாகப் பார்த்தால் இது ஒரு குறை. கேட்ட ஒலியைக் கேட்டபடி தராமல் கெடுத்துத் தருகிறது. அந்தக் குறையே ஒரு சங்கீதமாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

அந்த வேடிக்கைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ பெண்டர். அவருடைய 'பாஸ்மேன்' ஆம்ப்ளிபயர் 1952-ல் வந்தது. 1950களின் கடைசியில் அதற்கு வந்த மின்சுற்றைப் பார்த்துத்தான் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் தம் கடையாட்களோடு சேர்ந்து 'ஜே.டி.எம். 45' என்ற முதல் மார்ஷலை உருவாக்கினார். பீட்டில்ஸ் குழு மேடையேற்றியது இங்கிலாந்தின் 'வாக்ஸ்' பெட்டியை. ரேடியோ மெக்கானிக்கும் டிரம்ஸ் வாத்தியாரும் சேர்ந்து உலகத்தின் காதை மாற்றிவிட்டார்கள் எனலாம்.

டிரான்சிஸ்டருக்கு வந்த கெட்ட பெயர்

1966-ல் அதே பெண்டர் கம்பெனி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூடு தாங்காமல் அடிக்கடி கெட்டன, ஒலியும் பிடிக்கவில்லை. 1971-க்குள் கடையைக் கட்டிக்கொண்டது. டிரான்சிஸ்டர் என்றாலே மட்டம் என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். தாத்தா சொன்னதைப் பேரன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் 1975-ல் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி 'ஜாஸ் கோரஸ் 120' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. முழுக்க டிரான்சிஸ்டர். கரகரப்பே இல்லாமல் பளிங்குபோல் ஒலித்தது. இன்றைக்கும் அதே பெயரில் அது விற்பனையாகிறது. தெளிவான ஒலிக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்று வால்வு பக்தர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1990களின் பிற்பகுதியில் மூன்றாவது கட்சி ஒன்று வழக்கில் சேர்ந்துகொண்டது. பழைய வால்வுப் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கணக்கிட்டுக் கம்ப்யூட்டர் சில்லு ஒன்றில் ஏற்றிவிடும் முறை அது. 'லைன் 6' என்ற அமெரிக்கக் கம்பெனி 1998-ல் 'பாட்' என்ற சிறு சிவப்புக் கருவியை வெளியிட்டது. பிறகு 2011-ல் ஜெர்மனியின் 'கெம்பர்', நம்மிடம் இருக்கும் ஆம்ப்ளிபயரையே படமெடுப்பதுபோல் பதிவு செய்துகொள்ளும் கருவியைக் கொண்டுவந்தது. 2016-ல் வந்த 'பாஸ் கட்டானா' போன்ற பெட்டிகள் இந்த வித்தையை நடுத்தரக் குடும்பத்துப் பையன் கைக்கும் கொண்டுவந்துவிட்டன. திரையை மூடிவிட்டு வாசித்தால் எது குப்பி, எது சில்லு என்று சொல்லத் தேர்ந்த காதுகளும் தடுமாறுகின்றன. வாசிப்பவன் விரலுக்கு வித்தியாசம் தெரியலாம். பந்தலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பவருக்குத் தெரியாது.

இங்கே வாசிக்கும் பாட்டு எது?

பெட்டி வாங்குமுன் ஒவ்வொரு கலைஞரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நம் மெல்லிசை மேடையில் கிடாருக்குப் பெரும்பாலும் என்ன வேலை? பாட்டுக்கு முன்னும் இடையிலும் வரும் தெளிவான மீட்டல். பாடகரின் பின்னால் ஓடும் தாளக்கட்டு. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலைக் கேட்காத கூட்டம் கிடையாது. அதன் கிடார் இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பன்னீர்த் துளிபோல் விழ வேண்டும். அங்கே கரகரப்பு நுழைந்தால் பாட்டு போயிற்று. வால்வின் தலையாய பெருமை எந்தக் கரகரப்போ, அதற்கு இங்கே பெரிய அளவில் வேலையே இல்லை.

கர்நாடக சங்கீதத்துக்குப் போனால் இன்னும் கண்டிப்பு. ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து சென்னையில் புகழ் பெற்ற மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், எட்டுக் கம்பி வாத்தியத்தை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் பேச வைத்தார். 2014-ல் மறைந்த அவருடைய வாசிப்பு ஒலிப்பெருக்கி இல்லாவிட்டால் உலகுக்கு எட்டியிருக்காது. கம்பியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடையில் உள்ள நுட்பம் அத்தனையும் அப்படியே வர வேண்டும். பெட்டி தன் சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது.

ராக் வாசிக்கும் கல்லூரி இளைஞர்கள் கதை வேறு. அவர்களுக்கு அந்தச் சொந்தக் கருத்துதான் வேண்டும். ஐந்து வாட், பத்து வாட் சிறு வால்வுப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் அவர்கள் விரல் பண்படும் என்பதில் சந்தேகமில்லை. நூறு வாட் வாங்கினால்தான் கௌரவம் என்ற எண்ணம் தேவையில்லை. பத்து வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் காதில் கேட்கும் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். பத்து மடங்கு அல்ல. மேலும், நூறு வாட் வால்வுப் பெட்டி இனிமையாகக் கரகரக்கும் அளவுக்குத் திருப்பினால் அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வருவார்கள், பாராட்ட அல்ல.

அறுபது சுற்றும் ஐம்பது சுற்றும்

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்று பழைய அமெரிக்கப் பெட்டி ஒன்று கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சுற்று மின்சாரம். நமக்கு 230 வோல்ட், 50 சுற்று. நேரே செருகினால் புகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், சுற்று சரியாகாது. 60 சுற்றுக்கென்று கணக்காகச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50 சுற்றில் கூடுதலாகச் சூடேறும். குளிர் நாட்டில் அது தாங்கிவிடலாம். சித்தூர் மே மாதத்துப் பந்தலில் நான்கு மணி நேரம் தாங்குமா என்பது வேறு கேள்வி. இந்த விஷயத்தில் இங்கிலாந்துப் பெட்டிகள் நமக்கு நெருங்கிய சொந்தம். அவர்கள் மின்சாரமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்று.

திருவிழா மேடையில் ஜெனரேட்டர் வேறு. சீரியல் விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருக்கும்போது வோல்ட் ஏறி இறங்கும். பழைய வால்வுப் பெட்டியில் வோல்ட் இறங்கினால் ஒலி தளர்ந்து குழையும். ஏறினால் வால்வின் ஆயுள் குறையும். இன்றைய புதுப் பெட்டிகள் பலவற்றில் உள்ள மின்பகுதி 100 முதல் 240 வரை எது வந்தாலும் தானே சமாளித்துக்கொள்ளும். வாங்கும்போது பின்பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பாரத்தையும் சொல்ல வேண்டும். பெண்டர் 'ட்வின் ரிவெர்ப்' பெட்டி ஏறத்தாழ 29 கிலோ. ஓர் அரிசி மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அரிசி மூட்டையை மினி வேனில் தூக்கிப் போட்டால் ஒன்றும் ஆகாது, இதைப் போட்டால் உள்ளே கண்ணாடி. பாகாலா, சந்திரகிரி, புத்தூர் என்று இரவோடிரவாக ஊர் மாறும் குழுவுக்கு, மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கும் வண்டியில் வால்வுப் பெட்டியைக் கொண்டுபோவது கைக்குழந்தையைக் கொண்டுபோவது மாதிரி. புதிய ஐம்பது வாட் பெட்டி பதினொன்று, பன்னிரண்டு கிலோவில் முடிந்துவிடுகிறது. தரைப்பலகை அளவுக் கருவி என்றால் தோள்பையிலேயே போய்விடும். அதை நேரே மைக் செட்காரரின் மிக்சரில் கொடுத்துவிடலாம். (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலி செய்யும் பொத்தானைப் போட மறந்தால் மட்டும் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும். மைக் செட்காரரைத் திட்டிப் பயனில்லை.)

மெக்கானிக் எங்கே?

பழையதை வாங்குபவர் பெட்டியோடு ஒரு மெக்கானிக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஒரு காலத்தில் கடைத்தெருவுக்கு ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். மூடிய கண்ணோடு வால்வைத் தட்டிப் பார்த்தே கோளாறு சொல்லுவார். 1954-ல் தொடங்கிய பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1960களில் ரேடியோ வால்வுகளைச் செய்தது. உள்நாட்டுச் சரக்கே கிடைத்தது. அந்த உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அந்த மெக்கானிக்குகளும் வயதாகி ஓய்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள்.

இன்று கிடார் ஆம்ப்ளிபயருக்கான புது வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022 மார்ச்சில், உக்ரைன் போரையொட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகெங்கும் வால்வு விலை எகிறியது. கடைகளில் இருப்பு காலியானது. பிறகு அங்கிருந்து வரத்து மீண்டும் தொடங்கினாலும், எங்கோ நடக்கும் யுத்தம் நம் ஊர்க் கச்சேரியை நிறுத்த முடியும் என்பது அப்போது விளங்கியது. இங்குள்ளவர்களுக்குக் கைகொடுப்பது சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. ரோடும்தான். காலையில் ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடலாம். கேட்ட நம்பர் வால்வு கிடைத்தால்.

புதிய பெட்டிக்கு இந்தக் கவலை இல்லையே என்று நினைத்தால் அதற்கு வேறு கவலை. பழைய பெட்டியில் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். கெட்டதைக் கழற்றி மாற்றலாம். அறுபது ஆண்டுப் பழைய பெண்டர்கள் இன்னும் பாடிக்கொண்டிருப்பது அதனால்தான். புதியதில் கடுகளவு உறுப்புகள் ஒரே பலகையில் ஒட்டியிருக்கின்றன. வாரண்டி முடிந்தபின் கெட்டால் பலகையையே மாற்ற வேண்டும். அந்தப் பலகை அப்போது கிடைக்குமா என்பதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பழையது செலவு வைத்து வாழும். புதியது செலவில்லாமல் சாகும்.

விளையாட்டல்ல, உயிர்

முன்பே சொன்ன எமனுக்கு வருவோம். அந்நாளில் சில ஊர்களில் ஏ.சி. மின்சாரம், சில ஊர்களில் டி.சி. இரண்டிலும் ஓடட்டும் என்று செய்யப்பட்ட 'ஏ.சி./டி.சி.' ரேடியோக்களில் மின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் நேரே மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். கிடாரின் கம்பிகள் ஒயர் வழியாக அந்தச் சட்டத்தோடுதான் சேர்கின்றன. வாசிப்பவன் கை கம்பியில், கால் ஈரத் தரையில். தாத்தா காலத்து ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கிக் கிடார் மாட்டிப் பார்க்கும் ஆசை இன்றைய பிள்ளைகளுக்கும் வருகிறது. வீட்டிலுள்ளவர்கள் தடுக்க வேண்டிய ஆசை அது.

அசல் கிடார் ஆம்ப்ளிபயர்களிலும் 1960களின் அமெரிக்கச் சரக்கு பல, இரண்டு முள் பிளக்கோடு வந்தவை. எர்த் கிடையாது. உறுமலைக் குறைக்க மின்கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கண்டென்சரைப் போட்டிருப்பார்கள். அந்தக் கண்டென்சர் பழுதாகிச் ஷார்ட் ஆனால் சட்டத்தில் முழு மின்சாரம் ஏறும். அமெரிக்க மெக்கானிக்குகளே அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சாவுக் கண்டென்சர்'. அதை எடுத்தெறிந்துவிட்டு மூன்று முள் பிளக் போடாமல் அப்பெட்டியை ஒரு தடவைகூட உபயோகிக்கக் கூடாது.

இது பயமுறுத்தும் பேச்சல்ல. 1972 மே 3-ந் தேதி இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில், ஸ்வான்சி நகர மேடையில், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். கூட்டத்தின் கண்ணெதிரே உயிர் போயிற்று. 1976-ல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடிய கீத் ரெல்ப் தம் வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிடாரோடு மின்சாரம் தாக்கி மாண்டார்.

நம் மேடைகளில் என்ன நடக்கிறது? கிடார் ஆம்ப்ளிபயர் ஒரு பிளக்கிலிருந்தும், மைக் செட் வேறு இடத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கிறது. உறுமல் கேட்கிறது. உடனே யாராவது பிளக்கின் மூன்றாவது முள்ளை முறித்துவிடுகிறார்கள், அல்லது எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். உறுமல் நின்றுவிடுகிறது, காவலும் போய்விடுகிறது. கிடார் கம்பியில் கை வைத்தபடி கோரஸ் பாட மைக்கில் உதடு வைக்கும் கலைஞரின் உடல்தான் அப்போது இரண்டு மின்சாரங்களுக்கும் பாலம். புரட்டாசி, ஐப்பசியில் திருப்பதியில் மழை பெய்து மேடைப் பலகை நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சரியான வழி எளிது: மேடையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து எர்த்தோடு கூடிய மின்சாரம்; அதன் தலைமாட்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு; உறுமல் நிற்காவிட்டால் கிடாருக்கும் மிக்சருக்கும் இடையே ஒரு டி.ஐ. பெட்டி. பாட ஆரம்பிக்குமுன் டெஸ்டரால் மைக்கின் வலையைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். இதில் பழைய பெட்டி, புதிய பெட்டி என்ற பேதமில்லை.

எதை வாங்கலாம்?

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழுக்காரருக்குப் புதியதுதான் சரி. பாரம் குறைவு, மழைக்கும் ஜெனரேட்டருக்கும் ஈடுகொடுக்கும், நம் பாட்டுக்கு வேண்டிய தெளிவும் உண்டு. தொடங்கும்போதே வெளிநாட்டுப் பெயர் வேண்டும் என்பதில்லை. 'ஸ்ட்ரேஞ்சர்' போன்ற இந்தியத் தயாரிப்புகளில் பயிற்சியை ஆரம்பித்தவர்கள் ஏராளம். வீட்டில் சிறு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர், கையில் கொஞ்சம் பொறுமையும் தெரிந்த மெக்கானிக்கும் உள்ளவர், கரகரப்பைத் தேடி வாசிப்பவர் ஆகியோர் வால்வுக்குப் போகலாம். அவர்களும் பழையதைத்தான் தேட வேண்டுமென்றில்லை. பழைய மின்சுற்றில், மூன்று முள் பிளக்கோடு, புதிதாகச் செய்த வால்வுப் பெட்டிகள் வருகின்றன. 'பழமை' என்ற சொல்லுக்கு மட்டும் விலை கொடுப்பது சேகரிப்பவர்களின் பழக்கம். வாசிப்பவர்களுக்கு அது கட்டாது.

ஏற்கெனவே வீட்டில் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் தூசி படிந்து கிடந்தால் எடைக்குப் போட வேண்டாம். அதே நேரத்தில், ஆசையோடு ஓடிப்போய்ச் சுவிட்சையும் போட வேண்டாம். பல்லாண்டு உறங்கிய பெட்டியில் பெரிய கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் வெடித்து, கூடவே கிடைத்தற்கரிய டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோய்விடும். நன்றாக இருப்பவையோ பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300, 400 வோல்ட்டை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். தெரியாதவர் மூடியைத் திறக்கக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் பெட்டி பார்க்கப் போகிறவர் தம் சொந்தக் கிடாரையும் வயரையும் எடுத்துப் போக வேண்டும். பெட்டியை மின்சாரத்தில் போட்டு ஒரு மணி நேரமாவது சூடேற விட வேண்டும்; ஐந்து நிமிடத்தில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் பாடும். ஸ்பீக்கர் வயர் இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வுப் பெட்டியை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். ஒலியைக் குறைத்து வைத்து உறுமலைக் கேட்க வேண்டும். குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்றால் தூசிதான், கவலை இல்லை. வால்வின் தகடு இருட்டில் செங்கல் நிறத்தில் சிவந்தால் கவலைப்பட வேண்டும். கடைசியாகப் பின்பக்கத்து பியூஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கிடாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.